ஓடி வந்து காப்பாற்றுகிறவர்களின் மனசையும் கேட்போம்



இரத்தசோகை, சர்க்கரை, கர்ப்பப்பை பரிசோதனை என்று உடம்பு சம்பந்தமான பல விஷயங்களை நமது குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். மனசைப் பற்றிப் பேசுவது குறைவு. அதிலும் தீயணைப்பு வீரர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர், போலீஸ்காரர், அவசரப் பிரிவு நர்ஸ், தூய்மைப் பணியாளர் இவர்களின் மனசைப் பற்றி நாம் பேசியதே இல்லை என்று சொல்லலாம்.

"அவங்களுக்கு என்ன, தினமும் பார்க்கிறதுதானே, பழகிப் போயிருக்கும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பழகுமா? பழகாவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் உறுப்பினர்கள் பலரின் கணவர், மகன், மகள், தம்பி இந்த வேலைகளில் இருக்கிறார்கள். நம்மில் சிலரே இந்த வேலையைச் செய்கிறோம். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் பாரத்தை முதலில் சுமப்பது பெண்கள்தான்.

நம் கண் முன்னால் நடந்தவை

2019-ம் வருடம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நம் சின்ன காஞ்சிபுரம் எப்படி இருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். 40 வருடத்துக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேருக்கும் மேல் வந்தார்கள். வாசலில் கால் வைக்க இடமில்லை. நம் பெண்கள் பலர் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள், மயங்கி விழுந்தவர்களைத் திண்ணையில் படுக்க வைத்து விசிறினார்கள்.

அந்த 48 நாளும் வெயிலில் நின்ற போலீஸ்காரர்கள், கூட்டத்துக்குள் ஸ்ட்ரெச்சர் தூக்கி ஓடிய 108 ஊழியர்கள், தீயணைப்புத் துறையினர், ராத்திரியெல்லாம் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர்! ஜூலை 18-ம் தேதி நெரிசலில் சிக்கி நான்கு பேர் இறந்து போனார்கள். சாமி பார்க்க வந்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, அப்படியும் காப்பாற்ற முடியாமல் போனால் அந்த ஆளுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வருமா? திருவிழா முடிந்ததும் நாம் வீட்டைக் கழுவிவிட்டுத் தறியில் உட்கார்ந்தோம். அவர்கள் அடுத்த பந்தோபஸ்துக்குப் போனார்கள்.

2023 மார்ச் 22-ம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்தது. வேலைக்குப் போன பெண்களும் ஆண்களும் உயிரிழந்தார்கள். அங்கேயும் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், பக்கத்து ஜனங்கள் இவர்கள்தான் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள்.

இன்னும் பின்னால் போனால், 2004-ம் வருடத்தைத் தமிழ்நாடு மறக்கவே முடியாது. ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அப்போது நமது மாவட்டத்தோடு இருந்த கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் கரையிலும் அலை அடித்தது. இறந்தவர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்வதற்குப் பல ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்துப் போனார்கள். நாள் கணக்கில் அந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

ஆபத்தைப் பார்த்தவுடன் நம் உடம்பு தானாகவே தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கை கால் இறுகும், பசி மறந்து போகும். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலப்பதால் இப்படி ஆகிறது. இது நல்லதுதான். இது இல்லாவிட்டால் யாராலும் எரிகிற வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆபத்து முடிந்ததும் உடம்பு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒரு விபத்து முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த போன் வருகிறது. ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று மாறி மாறித் தூக்கம் கெடுகிறது. தீபாவளியன்று ஊரே கொண்டாடும்போது தீயணைப்பு நிலையத்தில்தான் வேலை அதிகம். கருட சேவை அன்று நாம் கற்பூரம் காட்டுகிறோம், போலீஸ்காரர் கயிறு பிடித்து நிற்கிறார். உடம்பு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை. நாள்பட நாள்பட ஆபத்து இல்லாத வேளையிலும் உடம்பு ஆபத்தில் இருப்பதைப் போலவே நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது.

நம் தொழிலை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். பாவில் ஒரு இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி, இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறோம். "ஒரு இழைதானே, போகட்டும்" என்று நெய்துகொண்டே போனால் அந்தக் குறை புடவையின் கடைசி வரைக்கும் கூடவே வரும். மனசும் அப்படித்தான். அறுந்த இழையைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, கவனி என்று சொல்ல ஆளும் இல்லை.

எது சாதாரணம், எது கவனிக்க வேண்டியது?

மோசமான சம்பவத்தைப் பார்த்தவர்களுக்குச் சில நாட்கள் தூக்கம் வராது, அதே காட்சி கண்ணில் வந்து நிற்கும், அழுகை வரும், சாப்பாடு இறங்காது. இது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. மனுஷனாகப் பிறந்தவர்களுக்கு வரக்கூடியதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும் ஆதரவும் கிடைத்தால் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் கீழே சொன்னவை குறையாமல் இருந்தாலோ, அன்றாட வேலையைக் கெடுத்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

1. அதே சம்பவம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, இப்போதுதான் நடப்பது போல உடம்பு நடுங்குவது.

2. சம்பவம் நடந்த இடம், தெரு, அது சம்பந்தமான பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது.

3. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது, தூங்காமல் விழித்துக் கிடப்பது.

4. பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட ஒட்டுதல் இல்லாமல் கல் மாதிரி இருப்பது, "என்னாலதான் செத்துப் போச்சு" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வது.

5. குடி அதிகமாவது.

6. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசுவது. இந்தப் பேச்சு வந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உதவி தேட வேண்டும், அந்த ஆளைத் தனியாக விடக்கூடாது.

எல்லாருக்கும் இது வரும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வந்தால் அது நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு குழுவில் நடந்தது

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரும் ஊரும் சொல்லவில்லை. ஒரு உறுப்பினரின் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். பெங்களூர் நெடுஞ்சாலையில் நடந்த ஒரு விபத்தில் அடிபட்ட சின்னக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தன் பிள்ளையை வண்டியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார். பிள்ளை கேட்டால் அடித்தார். குடிக்க ஆரம்பித்தார். லீவு எடுத்ததால் சம்பளம் குறைந்தது. அந்த அக்கா மூன்று தவணை கட்டவில்லை.

குழுவில் என்ன பேசினார்கள்? "புருஷன் குடிகாரன், இவளுக்கு யார் கடன் கொடுக்கச் சொன்னது?" என்றார்கள். அக்கா கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நல்லவேளையாகக் குழுவின் ஊக்குநர் வீட்டுக்குப் போனார். கடனைப் பற்றிக் கேட்கவில்லை. "ரெண்டு வாரமா உன்னைப் பார்க்கலையேன்னு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

குழு கூடித் தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் எழுதினார்கள். ஊக்குநரும் அந்த அக்காவும் பேசிப் பேசி அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். முதல் தடவை வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம்தான் உள்ளே போனார். சில மாதங்கள் மருந்தும் ஆலோசனையும் எடுத்துக்கொண்டார். இப்போது வேலைக்குப் போகிறார். சின்னப் பிள்ளைகளின் செருப்பு ரோட்டில் கிடந்தால் இன்றைக்கும் அவருக்குக் கை நடுங்குகிறது. ஆனால் அது எதனால் என்று அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். பிள்ளை இப்போது அப்பா வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறது.

மீண்டு எழும் சக்தி எங்கிருந்து வருகிறது?

மன உறுதி என்றால் அழாமல் இருப்பது என்று நினைக்கிறோம். அது தப்பு. அடிபட்ட பிறகு மறுபடி எழுந்து நிற்பதுதான் மன உறுதி. அது ஒருவருக்குப் பிறவியிலேயே வந்து ஒருவருக்கு வராமல் போவது இல்லை. நாலு பக்கத்திலிருந்தும் கிடைக்கும் தாங்கலில்தான் அது வளர்கிறது.

முதல் தாங்கல், கூட வேலை செய்கிறவர்கள். அதே காட்சியைப் பார்த்தவர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து ஒரு டீ குடித்துக்கொண்டே பேசுவதுகூடப் பெரிய மருந்து.

இரண்டாவது, வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்ற எண்ணம். காப்பாற்ற முடியாத ஒரு உயிர் நினைவில் நிற்கும் அளவுக்குக் காப்பாற்றிய நூறு உயிர்கள் நிற்பதில்லை. ஆம்புலன்ஸிலேயே பிரசவம் நடந்து தாயும் சேயும் நலமாக வீடு திரும்பியவர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கலாம். போய் ஒரு வார்த்தை நன்றி சொன்னால் அது அவர்களுக்குப் பல நாள் தாங்கும்.

மூன்றாவது, வேலை இடம். ஓய்வு, வார விடுமுறை, போதுமான ஆட்கள் இவை இல்லாமல் மனசை மட்டும் திடப்படுத்து என்றால் நியாயம் இல்லை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. 12 மணி நேர ஷிஃப்ட்டை 8 மணி நேரமாக்கச் சொல்லி அதன் ஊழியர்கள் பல வருடங்களாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அது கூலிப் பிரச்சினை மட்டும் அல்ல, மனநலப் பிரச்சினையும்தான். காவல் துறையில் 2018-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் உதவியோடு போலீஸ்காரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 'நிறைவாழ்வு' பயிற்சி ஆரம்பித்தார்கள். குடும்பத்தையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது நல்ல விஷயம். மற்ற துறைகளுக்கும் இது வேண்டும்.

நான்காவது, குடும்பமும் ஊரும். இதில்தான் நமது பங்கு அதிகம்.

சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரத்தில் சினேகா அமைப்பு ஒரு வேலை செய்தது. பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்கள், உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஆதரவு கிடைத்தவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்கள் டாக்டர்கள் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான். நோய் முற்றியவர்களுக்கு டாக்டர் வேண்டும். ஆனால் டாக்டர் வரைக்கும் போகாமலே பலரைக் காப்பாற்றப் பக்கத்து வீட்டுக் காதுகள் போதும்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

"பார், கேள், வழி காட்டு" என்பதுதான் அடிப்படை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மன முதலுதவியும் இந்த மூன்றுதான்.

பார்: தூக்கம், சாப்பாடு, கோபம், குடி இவற்றில் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

கேள்: அவர்களாகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்ல மனசில்லை என்றால் விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பேச வைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம். "சாப்பிட்டியா, கொஞ்சம் படுத்துக்கோ" என்பதே பல நேரம் போதும்.

வழி காட்டு: குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். "நீ போயிட்டு வா" என்று அனுப்பினால் போக மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் நாம் வீட்டுக்குள் வருகிறோம். தீட்டு என்பதை விட்டுவிடுங்கள். "அந்த இடம் முடிஞ்சது, இப்ப என் வீட்டுக்கு வந்துட்டேன்" என்று உடம்புக்கும் மனசுக்கும் சொல்வதற்கு அது ஒரு வழி. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு அண்டா வெந்நீர், மாற்றுத் துணி, கால் மணி நேரம் தனிமை கொடுங்கள். வீட்டுக் கணக்கையும் பிள்ளைகள் சண்டையையும் அதற்கு அப்புறம் பேசலாம். அதே சமயம், பிணம் தொட்டவர் என்று ஒதுக்கி வைப்பது, தனி டம்ளர் கொடுப்பது இதெல்லாம் கூடவே கூடாது. அந்த அவமானம், பார்த்த காட்சியைவிட ஆழமாகக் குத்தும்.

செய்யக்கூடாதவை: "எத்தனை பொணம் பார்த்தே?" என்று வேடிக்கையாகக் கேட்பது, "ஆம்பளை அழலாமா?" என்பது, "இதுக்குத்தானே சம்பளம் வாங்குறே" என்பது, தூக்கம் வரட்டும் என்று நாமே குடிக்கக் காசு கொடுப்பது. குடித்தால் தூக்கம் வருவது போல இருக்கும். ஆனால் அரை ராத்திரியில் விழிப்பு வந்துவிடும், கனவும் பயமும் அதிகமாகும், மறுநாள் இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்லும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனசு சரியில்லை என்பது உங்களை அடிப்பதற்கு உரிமைச் சீட்டு அல்ல. அவருக்கு வைத்தியம் தேவைதான். உங்களுக்குப் பாதுகாப்பும் தேவை. அடி, உதை என்றால் 181 பெண்கள் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

பெண்களே அந்த வேலையில் இருக்கும்போது

2003-ல் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் 2012-ல் சென்னை எழிலகம் தீ விபத்தில் தீக்காயம் பட்டார், பிறகும் பணியைத் தொடர்ந்தார். 108 வண்டிகளில் மருத்துவ உதவியாளர்களாக எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். கிராம செவிலியர், தூய்மைப் பணியாளர், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் நம் குழுப் பெண்கள், இவர்களும் இதில் அடக்கம். கொரோனா காலத்தில் பயத்தோடு வேலைக்குப் போய்விட்டு, வீட்டில் பிள்ளையைத் தொடப் பயந்து நின்றவர்கள் நம்மிடையே உண்டு.

ஆண் வீட்டுக்கு வந்தால் வெந்நீர் வைக்க ஒரு பெண் இருக்கிறாள். பெண் வந்தால்? செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குப் போக வேண்டும். ஆகவே இந்த வேலையில் உள்ள பெண்களின் வீட்டாருக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். மாமியார், கணவர், வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்து இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

• 14416: மனநல உதவிக்கான இலவச எண். இரவும் பகலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

• 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

• 044-24640050: சென்னை சினேகா அமைப்பு. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் பேசலாம்.

• அரசு மருத்துவமனை: மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் காஞ்சிபுரம் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். "மனநல டாக்டர் எந்த நாள் இருப்பார்?" என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்தால் டாக்டர் சொல்லும் வரைக்கும் விடாமல் சாப்பிட வேண்டும். நாலு நாள் நன்றாகத் தூங்கியதும் நிறுத்திவிடக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்?

2. இரண்டு கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்குப் பணம் கேட்காமல் நலம் விசாரிக்கப் போவது யார்? பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் மனநலப் பிரச்சினை இருந்தால் தவணையைத் தள்ளி வைக்க நம் குழு விதியில் இடம் இருக்கிறதா? இல்லை என்றால் தீர்மான நோட்டில் எழுதிச் சேர்க்கலாமா?

4. ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்துத் தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். வரும் ஏப்ரலில் நம் தீயணைப்பு நிலையத்துக்குக் குழுவாகப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வரலாமா?

பேசியதைத் தீர்மானமாக எழுதி அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை குழுக்கள் மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதை நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.